கலப்பை மேல் ஏழு நட்சத்திரம்: டப்ளினில் பார்த்த இந்தக் கொடி யாருடையது?

தேன்மொழி எழுதியது:

வணக்கம். டப்ளினுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நர்ஸ் வேலை. மே தினத்தன்று டியூட்டி முடித்துவிட்டு பார்னல் சதுக்கம் பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். தொழிற்சங்க ஊர்வலம் கிளம்பிக்கொண்டிருந்ததால் பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. சரி, வேடிக்கையாவது பார்ப்போம் என்று நின்றுவிட்டேன்.

சிவப்புக் கொடிகள் நிறைய. அது நம் ஊரிலேயே பார்த்துப் பழகியதுதான். நடுநடுவே வேறு இரண்டு கொடிகள் வந்தன. ஒன்று கரும்பச்சை. அதில் தங்க நிறத்தில் ஒரு கலப்பை, கலப்பை மேலேயே அங்கங்கே வெள்ளை நட்சத்திரங்கள். இன்னொன்று வெறும் நீலத் துணி. நட்சத்திரங்கள் அதே மாதிரி வளைவில் நிற்கின்றன, கலப்பையைத்தான் காணோம்.

பக்கத்தில் நின்ற பாட்டியிடம் கேட்டேன். "அது கானலியுடைய கொடி" என்று சொன்னவர், அதற்குள் பஸ் வந்துவிட ஏறிப் போய்விட்டார். எந்த நிறத்தைச் சொன்னார் என்றுகூடத் தெரியவில்லை.

இது ஒரே கொடிதானா, இரண்டு கட்சிகளா? தொழிலாளர் கொடி என்றால் ஏன் சிவப்பாக இல்லை? அப்புறம், துறைமுகமும் டிராமும் ஓடிய ஊரில் கலப்பை எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

வானம்பாடி77 எழுதியது:

நீலக் கொடி அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலக் கொடி. நட்சத்திரங்கள் சப்தரிஷி மண்டலம். பச்சை என்னவென்று தெரியவில்லை, ஏதாவது விவசாயிகள் சங்கமாக இருக்கும்.

நைட்டெஸ்க் எழுதியது:

வானம்பாடி தம்பி, சப்தரிஷி என்றது சரி, அலாஸ்கா என்றது தப்பு. அலாஸ்கா கொடியில் எட்டு நட்சத்திரம்: சப்தரிஷி ஏழு, மூலையில் துருவ நட்சத்திரம் ஒன்று. எட்டுமே மஞ்சள். தங்கச்சி பார்த்த நீலக் கொடியில் எண்ணியிருந்தால் ஏழுதான் இருந்திருக்கும், வெள்ளையாக.

எனக்கு இந்த ஊரில் 17 வருடம். ஓட்டலில் இரவு டெஸ்க் வேலை. காலை ஏழு மணிக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு ஓ'கானல் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பேன். அந்தத் தெருவில் ஒரே இடத்தில் நின்றால் இந்தக் கொடியின் கதை பாதி கண்ணில் படும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தெருவின் நடுவில் இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி ஒருவர் சிலையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் ஜிம் லார்கின், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தை 1909இல் தொடங்கியவர். பீடத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். நாம் மண்டியிட்டிருப்பதால்தான் பெரியவர்கள் பெரியவர்களாகத் தெரிகிறார்கள், எழுவோம் என்று இருக்கும். அவருக்கு ஒரு பக்கம் பெரிய தூண்களோடு தலைமை அஞ்சலகம், எதிர்ப்பக்கம் கிளேரிஸ் கட்டடம். 1913இல் கிளேரிஸ் கடைக்கு மேலே இம்பீரியல் ஓட்டல் என்று ஒன்று இருந்தது. முதலாளி வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. டப்ளின் டிராம் கம்பெனியும் அவர் கையில், ஒரு பெரிய நாளிதழும் அவர் கையில். இந்த ஓட்டலை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

அந்தக் காலத்து டப்ளின் எப்படி இருந்தது? பணக்காரர்கள் காலிசெய்துவிட்டுப் போன பெரிய பெரிய மாளிகைகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் வாழ்ந்த வீடுகள் சுமார் 20,000. 1913 செப்டம்பர் 2ஆம் தேதி சர்ச் தெருவில் அப்படிப்பட்ட வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் செத்தார்கள்.

அந்த விபத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஆகஸ்ட் 26ஆம் தேதி, டிராம் ஓட்டுநர்கள் வண்டியை நடுத்தெருவில் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினார்கள். காரணம், லார்கின் சங்கத்தில் இருந்தவர்களை மர்ஃபி வேலையை விட்டு அனுப்பியது. அவர் அதோடு விடவில்லை. மற்ற முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டார். இந்தச் சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, போடாவிட்டால் கேட்டுக்கு வெளியே நில் என்றார்கள். 20,000 பேர் அளவில் வெளியே நின்றார்கள். சங்கத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட, கையெழுத்துப் போடுவது கேவலம் என்று வெளியேறினார்கள். கதவடைப்பு அடுத்த ஜனவரி வரைக்கும் நீண்டது. இந்தக் காகிதத்தின் வாடை எனக்குக் கொஞ்சம் தெரியும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) சங்க பேட்ஜைச் சட்டையில் குத்தக் கூடாது என்று மேனேஜர் சொன்னார். காலருக்கு அடியில் குத்திக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தெருவில் கூட்டம் போட லார்கினுக்குத் தடை. பிடிவாரண்டும் இருந்தது. மனிதர் ஒட்டுத்தாடி வைத்து, நீளக் கோட்டுப் போட்டு, கூன் விழுந்த கிழவர் மாதிரி மர்ஃபியின் ஓட்டலுக்குள்ளேயே நுழைந்தார். மாடிக்குப் போய் வெளியே தலையை நீட்டிப் பேசத் தொடங்கினார். சில வாக்கியம் பேசுவதற்குள் பிடித்துவிட்டார்கள். கீழே போலீஸ் குண்டாந்தடியோடு கூட்டத்துக்குள் புகுந்தது. தேவாலயத்துக்குப் போய்வந்தவர்களும் அடிவாங்கினார்கள். காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். அந்த வார இறுதியில் அடிபட்டவர்களில் இரண்டு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

இந்தத் தடியடிக்குப் பதிலடியாகத்தான் அந்த நவம்பரில் 'ஐரிஷ் குடிமக்கள் படை' உருவானது. மறியல் செய்கிறவர்களைப் போலீஸ் அடித்தால் தடுக்க ஒரு தற்காப்புக் கூட்டம். லார்கினோடு சேர்ந்து அதை எழுப்பியவர் ஜேம்ஸ் கானலி. பாட்டி சொன்னாரே, அவர்தான். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் 1868இல் பிறந்தவர். பயிற்சி கொடுத்தவர் ஜாக் வைட், பிரிட்டிஷ் ராணுவத்தில் கேப்டனாக இருந்து போயர் போரில் பதக்கம் வாங்கியவர். அவருடைய அப்பா ஜார்ஜ் வைட் யார் தெரியுமா? 1893 முதல் 1898 வரை இந்தியாவில் பிரிட்டிஷ் படைகளின் தளபதி. மகன் இங்கே துறைமுகக் கூலிகளுக்கு வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் துப்பாக்கி எல்லாம் இல்லை. ஹர்லிங் என்ற ஐரிஷ் ஆட்டத்தின் மட்டையும் விளக்குமாற்றுக் கட்டையும்தான்.

1914இல் அந்தப் படைக்கு என்று ஒரு கொடி வந்தது. நீங்கள் பார்த்த பச்சைக் கொடி அதன் நகல். வரைந்தவராகச் சொல்லப்படுபவர் வில்லியம் மெகஹி என்ற ஓவிய ஆசிரியர். தைத்தது டன் எமர் கில்ட், பெண்கள் நடத்திய கைவினைப் பட்டறை. துணி பாப்ளின். நம் ஊரில் பாப்ளின் என்றால் தையல்காரர் லைனிங்குக்கு எடுக்கிற பருத்தித் துணிதானே. டப்ளின் பாப்ளின் அது இல்லை. பட்டும் கம்பளி நூலும் ஊடும் பாவுமாக நெய்வது, இந்த ஊர் நெசவாளர்களின் பேர்போன சரக்கு.

இப்போது கலப்பைக்கு வருகிறேன். நாம் சப்தரிஷி என்று சொல்லும் அதே ஏழு நட்சத்திரத்துக்கு அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் கலப்பை என்றுதான் பெயர். ஐரிஷ் மொழிப் பெயருக்கு 'வளைந்த கலப்பை' என்று பொருள். நான்கு நட்சத்திரம் கட்டையாக, மூன்று கைப்பிடியாக. (கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அந்த அருந்ததியும் வசிஷ்டரும் இருப்பது இந்தக் கைப்பிடியின் நடுவில்தான். நான் என் கல்யாணத்தில் பந்தல் ஓட்டையைப் பார்த்துவிட்டு 'தெரிகிறது' என்று சொன்னவன்.) ஆகவே டப்ளின்காரருக்கு இந்தச் சின்னம் ஒரு சிலேடை. கீழே மண்ணில் இழுப்பதும் கலப்பை, மேலே வானத்தில் தெரிவதும் கலப்பை. சுதந்திர அயர்லாந்து கலப்பையில் இருந்து நட்சத்திரம் வரை தன் விதியைத் தானே தீர்மானிக்கும் என்று கானலி சொன்னதாகச் சொல்வார்கள். கலப்பை இன்றைய உழைப்பு, நட்சத்திரம் நாளைக்கு எட்டப்போவது என்றும் விளக்குவதுண்டு. நகரத்தில் கலப்பை எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். அது விவசாயச் சின்னமாக அங்கே இல்லை, உழைப்பு என்ற பொதுச் சொல்லாக இருக்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு. எங்கள் குடும்பம் திருவாரூர்ப் பக்கம் நெல் போட்ட குடும்பம். தாத்தாவின் ஏர் மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் ரொம்ப நாள் செருகியிருந்தது. மேழி, ஏர்க்கால் எல்லாம் மரம். மண்ணைக் கீறுகிற கொழு மட்டும் இரும்பு. கொழு தேய்ந்தால் கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப் போவார். அடுத்த முறை அந்தப் பச்சைக் கொடியைப் பார்த்தால் கலப்பையின் அடியைப் பாருங்கள். கொழு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாள் இருக்கும். பைபிளில் வாட்களைக் கொழுவாக அடிப்பார்கள் என்று வருகிறதே, அதுதான். தொழிலாளர் ஆட்சி வந்தால் போருக்கு வேலை இராது என்பது பொருள். ஆனால் கொடியில் அந்த வாள் இன்னும் அடித்து முடிக்கப்படவில்லை. வாளாகவே இருந்துகொண்டு உழுகிறது. அன்றைக்கு அவர்கள் இருந்த நிலைமையும் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கியது. அஞ்சலகம்தான் தலைமையிடம். குடிமக்கள் படையில் இருந்து சுமார் 200 பேர் இறங்கினார்கள். அஞ்சலகத்தின் மேல் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு ஐரிஷ் மூவர்ணமும், 'ஐரிஷ் குடியரசு' என்று எழுதிய பச்சைக் கொடியும் ஏறின. கலப்பைக் கொடியைக் கானலி அங்கே ஏற்றவில்லை. எதிரே ஏற்றச் சொன்னார். மர்ஃபியின் இம்பீரியல் ஓட்டல் மேல். மூன்று வருடம் முன்னால் லார்கின் ஒட்டுத்தாடியோடு நுழைந்தாரே, அதே ஓட்டல்.

நட்சத்திரம், வாள், கலப்பை என்று எத்தனை அர்த்தம் சொன்னாலும், எனக்கு இந்தக் கொடியின் அர்த்தம் அது எந்தக் கூரையில் ஏறியது என்பதில்தான் இருக்கிறது. நானும் ஓட்டல்காரன், அதனால் இருக்கலாம்.

தேன்மொழி எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. அந்தச் சிலையைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறேன், யாரோ பாதிரியார் ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்! ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. ஏன் பச்சை? கானலி சோஷலிஸ்ட் என்றால் சிவப்பு வைத்திருக்கலாமே. நீலம் எங்கிருந்து வந்தது?

நைட்டெஸ்க் எழுதியது:

பாதிரியாரா! லார்கின் கேட்டால் பீடத்தைவிட்டு இறங்கி வந்துவிடுவார்.

பச்சை பற்றிக் கேட்டது சரியான இடம், ஏனென்றால் கானலிக்கே அது சிக்கலாக இருந்த விஷயம். 1897இல் அவர் எழுதியது அயர்லாந்து இடதுசாரிகள் எல்லோருக்கும் மனப்பாடம். நாளைக்கே ஆங்கிலேயப் படையை வெளியேற்றி டப்ளின் கோட்டையில் பச்சைக் கொடியை ஏற்றினாலும், சோஷலிசக் குடியரசை அமைக்கத் தொடங்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண், முதலாளிகள் வழியாக இங்கிலாந்து தொடர்ந்து ஆளும் என்பது அதன் சாரம். அதாவது பச்சைக் கொடி மட்டும் போதாது என்று சொன்ன ஆள் அவர்.

அதே ஆள் 1916 ஏப்ரலில் தொழிற்சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹால் மேல் பச்சைக் கொடி ஏற்றப்போவதாக அறிவித்தார். அது கலப்பைக் கொடி இல்லை, யாழ் பொறித்த பழைய தேசியக் கொடி, யாழுக்கு மேல் கிரீடம் இல்லாதது. சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. சங்கக் கட்டடத்துக்கு ஆபத்து, இது நம் வேலையா என்றார்கள். அப்போது தன் பத்திரிகையில், உழைப்பாளரின் நலமும் அயர்லாந்தின் நலமும் ஒன்றுதான், பிரிக்க முடியாது என்று எழுதினார். 16ஆம் தேதி குருத்தோலை ஞாயிறன்று கொடி ஏறியது. கயிற்றை இழுத்தது மாலி ஓ'ரைலி என்ற பதின்ம வயதுப் பெண்.

ஆகவே 1914 கொடி பச்சையாக இருந்ததை அந்தக் கண்ணோடு பாருங்கள். பச்சை என்றால் அயர்லாந்து, அது எல்லோருக்கும் தெரிந்த பழைய நிறம். அதில் வழக்கமாக இருக்கும் யாழை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கலப்பையை வைத்தால்? நாடு வேறு, தொழிலாளி வேறு இல்லை என்று ஒரு வரி எழுதாமலே சொல்லியாகிவிட்டது. சிவப்பு வைத்திருந்தால் பாதிதான் சொல்லியிருக்கும் என்பது என் எண்ணம். சங்கத்தின் அடையாளமான 'சிவப்புக் கை' எப்படியும் படைவீரர்களின் தொப்பியில் இருந்தது.

நீலம் பற்றி பெல்ஃபாஸ்ட் குமரன் என்னைவிட நன்றாகச் சொல்வார். குமரா, வா.

பெல்ஃபாஸ்ட்குமரன் எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி அண்ணா. நீலம் 1934. அந்த வருடம் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் குடியரசு ஆயுத அமைப்பில் இருந்து இடதுசாரிகள் சிலர் பிரிந்து 'குடியரசுக் காங்கிரஸ்' என்று ஒன்று தொடங்கினார்கள். பீடர் ஓ'டானல், ஜார்ஜ் கில்மோர், ஃபிராங்க் ரயன் முக்கியமானவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கொடிதான் நீலத்தில் ஏழு நட்சத்திரம், கலப்பை இல்லாதது. அமைப்பு அதே வருடம் செப்டம்பரில் ரத்மைன்ஸில் நடந்த மாநாட்டிலேயே உடைந்துபோனது. கொடி மட்டும் பிழைத்துக்கொண்டது. தொழிற்கட்சி பல வருடம் அந்த நட்சத்திரங்களை வைத்திருந்தது, பிறகு ரோஜாப்பூவுக்கு மாறியது.

கலப்பை ஏன் போனது? என் நடைமுறை விளக்கம்: வாளோடு கூடிய கலப்பையைத் தைப்பது பெரிய வேலை. ஏழு வெள்ளை நட்சத்திரத்தை எந்தச் சமையலறை மேஜையிலும் வெட்டி ஒட்டிவிடலாம்.

ஆனால் நீலத்துக்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. நாடகாசிரியர் ஷான் ஓகேசி தெரியும்தானே? அவர் குடிமக்கள் படையின் செயலாளராக இருந்தவர். கொடி வந்தபோது உள்ளேயே இருந்தவர். 1914லேயே, கவுண்டஸ் மார்கியவிச் என்ற பிரபு குடும்பத்துப் பெண்மணி இந்தப் படையிலும் தேசியவாதிகளின் தொண்டர் படைப் பக்கமும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது என்று சண்டை போட்டுத் தோற்று வெளியேறினார். அவர் பிற்பாடு எழுதிய சுயசரிதையில் இந்தக் கொடியை உருகி உருகி வர்ணிக்கிறார், உலகத்தில் இதைவிட அழகான கொடி இல்லை என்பதுபோல. நிறம் என்ன என்கிறார் தெரியுமா? நீலம்! அடர்ந்த நீலப் பாப்ளின்.

அசல் துணி பச்சை. எப்படித் தெரியும் என்றால், அது அழியவில்லை. 1916இல் பீரங்கித் தாக்குதலில் அந்தத் தெருவின் கீழ்ப்பாதியே எரிந்தது, இம்பீரியல் ஓட்டலும் எரிந்தது. கொடி எரியவில்லை. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய் 40 வருடம் அளவில் வைத்திருந்தார். 1950களில்தான் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் பச்சை.

உள்ளே இருந்தவருக்கே நினைவு நிறம் மாறிவிட்டது. அவர் சுயசரிதை எழுதிய காலத்தில் நீலக் கொடிதான் புழக்கத்தில் இருந்தது என்பதால் அப்படி ஆகியிருக்கலாம், இது என் ஊகம்தான்.

இன்னொன்று, தேன்மொழி அக்கா கவனத்துக்கு. டப்ளினில் இது தொழிற்சங்கக் கொடி, மே தினக் கொடி. இங்கே வட அயர்லாந்தில் அப்படி மட்டும் வாசிக்க மாட்டார்கள். 1970களுக்குப் பிறகு ஐ.என்.எல்.ஏ. என்ற ஆயுதக் குழுவும் அதன் அரசியல் கட்சியும் இதைப் பயன்படுத்தியதால், பெல்ஃபாஸ்ட் சுவரோவியத்தில் இதே நட்சத்திரங்களைப் பார்க்கிற பலருக்கு துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அழகாக இருக்கிறது என்று டி-ஷர்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு இங்கே வந்துவிடாதீர்கள்.

நைட்டெஸ்க் எழுதியது:

குமரன் சொன்ன துணியை நான் பார்த்திருக்கிறேன். 2016இல் நூற்றாண்டுக்காக காலின்ஸ் பேரக்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் போனேன். துணி கெடாமல் இருக்க விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். கிழிசல், நைந்த ஓரம், தங்க நிறம் பழுத்துப் பழுப்பேறி. உண்மையைச் சொன்னால் அந்த வெளிச்சத்தில் ஓகேசி மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஓகேசி பற்றி ஒரு வரி விட்டுப்போயிற்று. ஈஸ்டர் கிளர்ச்சியை வைத்து அவர் எழுதிய நாடகத்துக்கே 'கலப்பையும் நட்சத்திரங்களும்' என்றுதான் பெயர். 1926 பிப்ரவரியில் ஆபி தியேட்டரில் போட்டபோது அரங்கத்துக்குள் அடிதடி. இரண்டாம் அங்கத்தில் மூவர்ணக் கொடியையும் கலப்பைக் கொடியையும் சாராயக் கடைக்குள் கொண்டுவருவார்கள், அங்கே ஒரு பாலியல் தொழிலாளியும் இருப்பாள். கிளர்ச்சியில் கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? ஓகேசியின் கேள்வியும் பொய் இல்லை. கொடி ஊர்வலம் போகிறது, ஒற்றை அறையில் இருமிக்கொண்டிருப்பவனுக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்டார். கானலியின் 1897 கேள்விக்கு ரொம்பத் தூரமில்லை அது. எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்றகார்டு எழுதியது:

சென்னையில் இருந்து எழுதுகிறேன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன், சங்க வேலை பழக்கம். இழையைப் பேத்தி காட்டினாள்.

நீங்கள் சொல்லும் 1913 டப்ளினில் நம் ஆள் ஒருவர் இருந்தார். வி.வி. கிரி. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் பிறந்தவர், சட்டம் படிக்க 1913இல் டப்ளின் போனார். கதவடைப்பு நடந்த வருடம். 1916 கிளர்ச்சிக்குப் பிறகு அங்கே இருக்க முடியாமல் ஊர் திரும்பினார். வந்தவர் வக்கீல் தொழிலைவிட ரயில்வே தொழிலாளர் சங்கத்தில்தான் அதிகம் நின்றார். 1928 பெங்கால் நாக்பூர் ரயில்வே வேலைநிறுத்தம் அவர் தலைமையில் நடந்தது. 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் சென்னை மாகாணத் தொழிலாளர் அமைச்சர், 1969இல் குடியரசுத் தலைவர். எங்கள் காலத்தில் சங்கக் கூட்டங்களில் அவர் பெயரைச் சொன்னால் அயர்லாந்தும் கூடவே வரும். கொடியின் கதை இன்றுதான் தெரிந்தது. அந்த ஓட்டல் விஷயம் பிரமாதம் தம்பி.

நைட்டெஸ்க் எழுதியது:

ஐயா, வணக்கம். கிரி இங்கே படித்தது கேள்விப்பட்டிருக்கிறேன், ரயில்வே பக்கம் இவ்வளவு தெரியாது. பேத்திக்கு நன்றி சொல்லுங்கள்.

தங்கச்சி, நேரம் கிடைத்தால் லிபர்ட்டி ஹால் போய் வாருங்கள். பழைய கட்டடம் இல்லை, இப்போது நிற்பது 1960களில் கட்டிய பதினாறு மாடி. தொழிற்சங்கத் தலைமையகம்தான் இன்றும். எதிரே ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் கானலி சிலை. கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு, 1916 மே 12ஆம் தேதி அவரைக் கில்மெய்ன்ஹம் சிறையில் பிரிட்டிஷார் சுட்டார்கள். கணுக்காலில் குண்டுக் காயம், நிற்க முடியாது, நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். சிலையில் நிற்கிறார். பின்னால் கொடியும் இருக்கிறது. காலின்ஸ் பேரக்ஸ் போவதென்றால் லுவாஸ் டிராமின் சிவப்புப் பாதையில் 'மியூசியம்' நிறுத்தம், அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் கிடையாது. கொடியை இப்போது வெளியே வைத்திருக்கிறார்களா என்று முன்வாசலில் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

தேன்மொழி எழுதியது:

நேற்று லீவு. லிபர்ட்டி ஹால் போனேன். நல்ல மழை, ரயில் பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நின்று பார்த்தேன். கானலி மீசையோடு, கோட்டுப் போட்டு, கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வந்தவர் மாதிரி எளிமையாக நிற்கிறார். பின்னால் கலப்பை, நட்சத்திரங்கள். எண்ணிப் பார்த்தேன், ஏழு. வானம்பாடி சாருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

குமரன் தம்பி, நிறச் சண்டைக்கு அங்கே இடமே இல்லை. எல்லாம் வெண்கலம். ஆனால் கிட்டப் போனால் மழையில் களிம்பு ஏறி லேசாகப் பச்சை அடிக்கிறது.

பெல்ஃபாஸ்ட்குமரன் எழுதியது:

போச்சு, ஓகேசி மறுபடியும் தோற்றார்.